கூலூம் மடக்கை

பிளாஸ்மாவில் (அணுக்களை விட்டு எலக்ட்ரான்கள் பிரிந்த மின்னூட்ட வாயு) பாயும் எலக்ட்ரானை அயனிகள் எவ்வளவு திசைதிருப்புகின்றன என்பதை ஒரே எண்ணில் அடக்குவது கூலூம் மடக்கை. மின்கடத்துத்திறனும் வெப்பக் கடத்துத்திறனும் இதற்கு எதிர்விகிதத்தில் அமையும்.

ஆங்கிலத்தில் 'கூலூம் லாகரிதம்'. முதற்சொல், 1785-இல் மின்விசை விதியை வெளியிட்ட பிரெஞ்சு அறிஞரின் பெயர். இரண்டாவது 'லாகரிதம்'. 1614-இல் நேப்பியர் லோகோஸ் (விகிதம்), அரித்மோஸ் (எண்) என்ற கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஆக்கியது. தமிழ்ப் பாடநூல்களில் மடக்கை. ஆள்பெயரை அப்படியே வைத்துக் 'கூலூம் மடக்கை' என்றால் போதும். இங்கே வேண்டியது இயல் மடக்கை. பத்தடிமான மடக்கையைப் போட்டால் விடை 2.3 மடங்கு குறைந்துவிடும்.

மடக்கை ஏன் வருகிறது? அயனியை விட்டு எட்டிப் போகும் எலக்ட்ரான் சிறிதளவே விலகும், ஆனால் அப்படிப் போகும் எலக்ட்ரான்கள் ஏராளம். அதனால் ஒவ்வொரு பத்து மடங்குத் தூரமும் ஒரே அளவு பங்களிக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் பெருமத் தூரத்துக்கும் சிறுமத் தூரத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கை கிடைக்கும். பெருமம் டிபை நீளம், அதாவது ஓர் அயனியின் மின்விசையைச் சுற்றியுள்ள மின்னூட்டங்கள் மறைத்துவிடும் தூரம். சிறுமம், மின்விசை அனுமதிக்கும் மிக நெருங்கிய தூரம் அல்லது எலக்ட்ரானின் அலைத்தன்மையைக் காட்டும் டி ப்ராய் அலைநீளத்தில் பாதி, இவற்றில் பெரியது.

பிளாஸ்மாவைக் காந்தப் புலத்தால் அடைத்துவைக்கும் அணுக்கரு இணைவுக் கருவியான டோகாமாக்கில் இந்த எண் 15 முதல் 20 வரை. எல்லைகளில் சிறு பிழை இருந்தாலும் விடை அசையாது. அடர் பிளாஸ்மாவில் அப்படியில்லை. திண்ம அடர்த்தியிலேயே 10 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (ஏறத்தாழ 1,16,000 கெல்வின்) சூடான அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். அணுவுக்கு 3 கட்டற்ற எலக்ட்ரான்கள் என்றால் டிபை நீளம் 0.55 ஆங்ஸ்ட்ராம், நெருங்கும் தூரம் 1.44 ஆங்ஸ்ட்ராம், டி ப்ராய் அலைநீளத்தில் பாதி 1.58 ஆங்ஸ்ட்ராம். பெருமம் சிறுமத்தைவிடச் சிறியது! மடக்கை ஏறத்தாழ −1. கடத்துத்திறனும் எதிர்மறையாகி, கணினிக் கணிப்பு குலையும்.

1984-இல் லீ, மோர் என்ற இயற்பியலாளர்கள் தந்த கடத்துத்திறன் மாதிரி இதற்கு வழி செய்தது. டிபை நீளம் அணுவிடைத் தூரத்துக்குக் கீழே போனால் அணுவிடைத் தூரமே பெருமம். விகிதத்தின் வர்க்கத்தோடு 1 கூட்டி, மடக்கையில் பாதியை எடுப்பதால் விடை எதிர்மறையாகாது. மேற்சொன்ன அலுமினியத்தில் பெருமம், சிறுமம் இரண்டுமே 1.58 ஆங்ஸ்ட்ராம் ஆகி, மடக்கை 0.35 வருகிறது. அதையும் 2-க்கு உயர்த்திவிடுவார்கள். அந்த 2 கோட்பாட்டிலிருந்து பிறந்ததன்று, கணிப்பைக் காக்க வைத்த தரைமட்டம். சோதனையோடு ஒப்பிடும்போது இதை மறக்கவே கூடாது.

சோதனைக்கு ஏற்ப மடக்கையை மட்டும் கூட்டிக் குறைப்பதும் சரியன்று. மின்சாரமும் வெப்பமும் ஒரே விகிதத்தில் மாறுமே தவிர, அவற்றுக்கிடையே உள்ள லோரன்ஸ் எண் (வெப்பக் கடத்துத்திறனை மின்கடத்துத்திறன், வெப்பநிலை இரண்டின் பெருக்கலால் வகுத்தால் வருவது) மாறாது. அதை மாற்றுவது எலக்ட்ரான்–எலக்ட்ரான் மோதல். சூடான, அடர்த்தி குறைந்த ஹைட்ரஜனில் அந்த மோதலைச் சேர்க்காவிட்டால் லோரன்ஸ் எண், போல்ட்ஸ்மன் மாறிலிக்கும் எலக்ட்ரான் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தைப்போல் 4 மடங்கு, சேர்த்தால் 1.6 மடங்குதான். லீ–மோர் மாதிரி இதைச் சேர்ப்பதில்லை, ஆகவே அங்கே வெப்பக் கடத்தல் நான்கு மடங்குக்கு மேல் மிகையாகத் தெரியும். அயனியின் மின்னூட்டம் கூடக் கூட இந்த மிகை குறையும்.