குளிருதா, புழுங்குதா? அலுவலகத்தில் கேட்க வேண்டிய விதம்

ஒரே ஹாலில் ஒருவர் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார். பத்தடி தள்ளி இன்னொருவர் மேஜை விசிறியைச் சுழலவிட்டிருப்பார். கேள்வித்தாளில் முதலாமவர் குளிர்ப் பக்கம் −2 என்றும் அடுத்தவர் சூட்டுப் பக்கம் +2 என்றும் குறித்தால் சராசரி 0. அறிக்கையில் ‘எல்லாம் சரி’ என்று வந்துவிடும், இருவரும் அவதிப்படுவார்கள். அதனால் சராசரியை நம்பாதீர்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

இந்த எண்கள், குளிர்சாதனப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே (ASHRAE) வகுத்த 55ஆம் தரநிலையின் ஏழு புள்ளி அளவுகோலைச் சேர்ந்தவை. −3 கடும் குளிர், 0 நடுநிலை, +3 கடும் சூடு. தமிழில் கேள்வித்தாள் போடும்போது சிக்கல் சொற்களில்தான் தொடங்கும். ‘புழுக்கம்’ என்ற சொல் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டமின்மை மூன்றையும் ஒன்றாகக் கட்டிவிடும். அதைச் சூட்டுப் பக்கத்தில் போட்டால் ஏசியின் வெப்பநிலையைக் குறைப்பதா, காற்றோட்டத்தைக் கூட்டுவதா என்று பதிலிலிருந்து பிரித்தறிய முடியாது. நடுப்புள்ளிக்கு ‘இதமாக இருக்கிறது’ என்று எழுதுவதும் தவறு. வெயில் ஊர்க்காரருக்கு லேசான குளிர்தான் இதம். ‘குளிரும் இல்லை, சூடும் இல்லை’ என்றே எழுதுங்கள். ஈரப்பதத்துக்கும் காற்று வீச்சுக்கும் தனித்தனிக் கேள்வி வேண்டும்.

உணர்வு வேறு, விருப்பம் வேறு. ஆகவே மூன்று கேள்விகள்: இப்போது எப்படி இருக்கிறது? இதை ஏற்றுக்கொள்ள முடிகிறதா? இன்னும் குளிராக வேண்டுமா, சூடாக வேண்டுமா, இப்படியே இருக்கலாமா? ‘ஏசி அதிகமாக இருக்கிறதா?’ என்று கேட்டால் பதிலை நாமே வாயில் ஊட்டியதாகிவிடும்.

கேட்கும் நேரமும் முக்கியம். சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல் உண்டாக்கும் வெப்பம் 1 மெட். தட்டச்சு செய்பவரின் உடல் சுமார் 1.1 மெட் அளவு வெப்பம் உண்டாக்கும், மணிக்கு 3.2 கி.மீ. வேகத்தில் நடப்பவரின் உடல் 2.0 மெட். சாப்பாட்டுக்கு வெளியே போய்த் திரும்பியதும் கேட்டால் வரும் பதில் வெயிலைப் பற்றியது, அறையைப் பற்றியதல்ல. அரைமணி நேரமாவது உட்கார்ந்த பிறகு கேளுங்கள்.

அதே நேரத்தில், அதே இடத்தில் அளக்கவும் வேண்டும். தரையிலிருந்து 0.1, 0.6, 1.1 மீட்டர் உயரங்களில்: கணுக்கால், இடுப்பு, தலை. சுவரில் மாட்டிய தெர்மோஸ்டாட் காட்டுவது சுவரோரத்து வெப்பத்தைத்தான். மேற்கு ஜன்னல் கண்ணாடி சூடேறினால் காற்று 24 டிகிரியில் இருந்தாலும் பக்கத்தில் இருப்பவருக்கு வேர்க்கும். கதிர்வீச்சாக வரும் அந்தச் சூட்டைக் கறுப்புக் கோள வெப்பமானிதான் பிடிக்கும்.

கருவிகள் மட்டும் போதாதா? இந்தியர்களுக்கு எந்த வெப்பநிலை இதமானது என்று வகுக்க நடந்த ஐமேக் (IMAC) ஆய்வு சென்னை உட்பட 5 நகரங்களில், 16 அலுவலகக் கட்டடங்களில் 6,330 பதில்களைத் திரட்டியது. கருவி அளவுகள், உடை, உடலுழைப்பு இவற்றை வைத்து மக்களின் உணர்வைக் கணிக்க டென்மார்க்கின் ஃபாங்கர் வகுத்த கணக்கீடு, நம் மக்கள் உணரும் சூட்டைவிடக் கூடுதலாகச் சொல்கிறது என்று தெரிந்தது. வாய்விட்டுக் கேட்காமல் இது தெரிந்திருக்காது.

எத்தனை பேர் பதில் தர வேண்டும்? ஆஷ்ரே கணக்கில் 45 பேருக்கு மேல் இருந்தால் 35 சதவீதத்துக்கு மேல். 20 முதல் 45 என்றால் குறைந்தது 15 பேர். 20க்குக் கீழே 80 சதவீதம். பெயர் கேட்காதீர்கள், மேலதிகாரிக்குப் பயந்து நடுப்புள்ளியில் குறிப்பார்கள். ஆனால் தளம், திசை, இருக்கையிலிருந்து ஜன்னலுக்கும் ஏசி காற்றுவாய்க்கும் உள்ள தூரம், உடுத்தியிருக்கும் உடை இவை கட்டாயம். எந்தக் காற்றுவாயைத் திருப்ப வேண்டும் என்று பராமரிப்பு ஆட்களுக்குச் சொல்ல இந்த விவரங்கள்தான் உதவும்.