தாவரக் கஸ்தூரி எண்ணெய்: எந்த விதி பொருந்தும், எது பொருந்தாது?

கஸ்தூரி என்றாலே சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம் வாசனைத் திரவியம் செய்பவர்கள் பலருக்கு உண்டு. பயத்துக்குக் காரணமும் உண்டு. ஆண் கஸ்தூரி மானின் அடிவயிற்றுப் பையில் கிடைப்பது சுமார் 25 கிராம் கஸ்தூரிதான். அதற்காகவே மான்கள் வேட்டையாடப்பட்டன. 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம், கஸ்தூரி மான் இனங்கள் அனைத்தையும் தன் பட்டியல்களில் வைத்திருக்கிறது. இந்தியா, நேபாளம், பூட்டான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், மியான்மர் ஆகிய நாடுகளின் மான்கள் முதல் பட்டியலில் உள்ளன. காட்டில் பிடித்த இவற்றின் கஸ்தூரியை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோகவே முடியாது. மற்ற நாடுகளின் மான்கள் இரண்டாம் பட்டியலில்; ஏற்றுமதி அனுமதி இருந்தால் மட்டும் அனுப்பலாம்.

கஸ்தூரி வெண்டை விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு இந்தத் தொல்லை இல்லை. வெண்டைக்கு நெருங்கிய சொந்தமான இந்தச் செடி எந்தப் பட்டியலிலும் இல்லை. விதையில் உள்ள அம்பிரெட்டோலைடு என்ற பொருள்தான் கஸ்தூரி மணத்தைத் தருகிறது.

ஆனால் லேபிளில் கவனம் வேண்டும். குப்பிக்குள் இருப்பதை மட்டும் சைட்டிஸ் பார்ப்பதில்லை. பொட்டலமோ லேபிளோ கூடவரும் ஆவணமோ ‘இது பட்டியலில் உள்ள விலங்கின் பொருள்’ என்று காட்டினால், அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று உறுப்பு நாடுகள் தீர்மானம் போட்டிருக்கின்றன. அழகுக்காக மான் படம் போட்டு ‘அசல் கஸ்தூரி’ என்று அச்சடிப்பது, என்னைக் கேட்டால், வலியப் போய் வம்பை வாங்குவது. ‘ஆபெல்மோஸ்கஸ் மோஸ்காடஸ் விதை எண்ணெய்’ என்று லேபிளிலும் விலைப்பட்டியலிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

தாவரம் என்றால் சைட்டிஸே வராது என்றும் நினைக்க வேண்டாம். கஸ்தூரி சாயலுக்காகச் சிலர் சேர்க்கும் சடாமாஞ்சில் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதன் எண்ணெயை மொத்தமாக வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வேண்டும். அதே எண்ணெய் கலந்து, சில்லறை விற்பனைக்குத் தயாராகப் பொதியப்பட்ட வாசனைத் திரவியத்துக்கு வேண்டாம்.

சரி, ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க வேண்டுமென்றால்? அங்கே 1223/2009 என்ற அழகுசாதனச் சட்டம் வந்துவிடும். இயற்கை எண்ணெய் என்பதற்காகச் சலுகை கிடையாது: பாதுகாப்பு அறிக்கை வேண்டும், ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும், விற்பனைக்கு முன் இணையத்தில் பதிவு வேண்டும். விதை எண்ணெயில் ஃபார்னசால் இருக்கும். அது ஒவ்வாமை தரக்கூடியவை பட்டியலில் உள்ள பொருள். தோலில் தங்கும் தயாரிப்பில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் அதன் பெயரை லேபிளில் தனியாகப் போட வேண்டும். கழுவிவிடும் தயாரிப்பில் வரம்பு 0.01 சதவீதம். 2023-இல் இந்தப் பட்டியலை 80-க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்டதாக நீட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த பெயர்களை, 2026 ஜூலை 31-க்குப் பிறகு சந்தைக்கு வரும் பொருள்களில் காட்டியாக வேண்டும். ஏற்கெனவே சந்தையில் உள்ளவற்றுக்கு 2028 ஜூலை 31 வரை அவகாசம்.

அப்புறம், கொள்முதலில் ஒரு குழப்பம் வரும். ‘மஸ்க் அம்பிரெட்’ என்பது இந்த விதை எண்ணெய் அல்ல. ஆய்வகத்தில் செய்யும் நைட்ரோ கஸ்தூரி. வெயில் பட்டால் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும் என்று தெரிந்தபின் ஐரோப்பிய ஒன்றியமும், வாசனைத் தொழில்துறையின் பன்னாட்டு அமைப்பான இஃப்ராவும் அதைத் தடை செய்தன. விற்பவரிடம் தாவரப் பெயர், எடுத்த முறை, வாயு நிறவரைவு அறிக்கை (எண்ணெயில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று காட்டும் ஆய்வு முடிவு), ஒவ்வாமைப் பொருள்களின் அளவு ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். எடுத்த முறை ஏன் என்றால், ஐஎஸ்ஓ 9235 தரத்தின்படி கரைப்பான் ஊற்றி எடுத்த ‘அப்சொல்யூட்’டை நறுமண எண்ணெய் என்று சொல்ல முடியாது, விதையை நீராவியில் வடித்தது என்றால் சொல்லலாம்.