டார்ச் பிடிக்கவா பல்?

பழைய வண்ணாரப்பேட்டையில் பல் மருத்துவம் பார்க்கிறேன். மேல் முன்பல்லின் ஓரம் பிறை மாதிரி சில்லு பெயர்ந்து வருபவர்களிடம், என்ன வேலை என்றுதான் முதலில் கேட்பேன். எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏ.சி. மெக்கானிக் என்று பதில் வந்தால், அடுத்த கேள்வி: "டார்ச்சை எங்க வெச்சுப்பீங்க?"

போன மாதம் வந்தவர் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்ப்பவர். சட்டைப் பையிலிருந்து விரல் நீள டார்ச்சை எடுத்து மேசைமேல் வைத்தார். அலுமினிய உடம்பில் கறுப்புப் பூச்சு தேய்ந்து, வால்பக்கம் மேலும் கீழுமாகப் பல் தடம்.

"ரெண்டு கையும் ஸ்பானர்ல கீது டாக்டர், இத்த வேற எங்க வெச்சிக்கறது?"

நியாயமான கேள்வி. ஆனால் எனாமல், உடம்பிலேயே கடினமான பொருள் என்றாலும் கண்ணாடி மாதிரி சில்லு பெயரும்; பெயர்ந்தது திரும்ப வளராது. ஸ்பானர் வழுக்கி அவர் தலை கம்பத்தில் இடித்த நேரத்தில் டார்ச் வாயில் இருந்திருக்கிறது. அதோடு, வெளிச்சத்தைத் திருப்ப வேண்டுமானால் கழுத்தையே திருப்ப வேண்டும். தாடை மூட்டில் வலி வராமல் என்ன செய்யும்?

பல்லைவிட நான் பயப்படுவது டார்ச்சுக்குள் இருக்கும் பேட்டரி செல்லுக்கு. இரண்டு லித்தியம் செல் போடும் டார்ச்சில் ஒன்று புதிது, ஒன்று பழையது என்று கலந்து போட்டால், பலவீனமான செல் அளவுக்கு மீறி வடிந்து சூடாகி வாயு கக்கலாம். தண்ணீர் புகாத டார்ச்சில் அந்த வாயு வெளியேறவும் வழியில்லை, குழாயே வெடிக்கலாம். அது வாயில் இருந்தால் என்ன ஆகும் என்று எழுதக்கூட மனம் வரவில்லை. ஒரே செல் போடும் டார்ச்சில் இந்தக் கலப்படத்துக்கே இடமில்லை.

வெளிச்சத்துக்கு வருவோம். அட்டைப்பெட்டியில் 1000 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று பெரிதாகப் போட்டிருக்கும். விரல் நீள டார்ச்சால் அதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாது; உடம்பு சுடும், நல்ல டார்ச் என்றால் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு முழத் தூரத்தில் நட்டு பார்க்க 30, 50 லூமென் தாராளம். அதற்கு மேல் போனால் பளபளப்பான இரும்பில் பட்டுக் கண் கூசும், கண்மணி சுருங்கும், பின்னால் இருக்கிற இடுக்கு இன்னும் இருட்டாகத் தெரியும். என் நாற்காலி விளக்கிலும் இதே தொல்லை உண்டு, வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியை லேசாகச் சாய்த்துத்தான் பார்ப்பேன்.

வாங்கும்போது லூமெனை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்: வாலில் காந்தம் இருக்கிறதா, தொப்பி விளிம்பில் மாட்டும் கிளிப் இருக்கிறதா, எண்ணெய்க் கையால் தடவினாலும் சுவிட்ச் அகப்படுகிறதா. அப்புறம், முதல் அழுத்தத்திலேயே குறைந்த வெளிச்சத்தில் எரிகிறதா. படகு வேலைக்கு என்றால் தலையில் கட்டும் லைட்டே மேல்.

பல்லுக்கு நிறம் பார்த்து காம்போசிட் (பல் நிறத்தில் அடைக்கும் பொருள்) வைத்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, சரிபார்க்க வந்தவர் தலை லைட் வாங்கிவிட்டதாகச் சொன்னார். இப்போது உதவிக்கு நிற்கும் பையன்தான் புலம்புகிறானாம், அண்ணன் திரும்பும்போதெல்லாம் கண் கூசுது என்று. வெளிச்சத்தைக் குறைக்க அதிலேயே பொத்தான் இருக்கிறது. அவர் இன்னும் அழுத்திப் பார்க்கவில்லை.