மத்தியான நாடகத்துக்கு விருதாம்: வோட்டுப் போட முன்னம் இதை வாசியுங்கோ

திரும்பவும் தொடங்கிவிட்டது. "அம்மா பார்க்கிற நாடகத்துக்கு விருது கிடைக்கவேணும், கீழே இருக்கிற இணைப்பை அமத்தி எல்லாரும் வோட்டுப் போடுங்கோ" என்ற செய்தி யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கினால், அடுத்த கிழமை ஆரோ ஒருவருடைய கணக்குப் பறிபோகும். அவருடைய பெயரில் கனடாவில் இருக்கிற மருமகனுக்கு "அவசரமாய்க் காசு அனுப்பு" என்று செய்தி போகும். பிறகு தொலைக்காட்சித் தொழிலில் இருப்பவர்களைத் தேடி வருவார்கள்: "உங்கட ஆக்கள்தானே, கதைச்சு எடுத்துத் தாங்கோ." எங்கட ஆக்களும் இல்லை, எங்களால் எடுத்துத் தரவும் ஏலாது.

எல்லாக் குழப்பத்துக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. "யாழ்ப்பாணத்தில இவ்வளவு பேர் பார்க்கிறம், எங்களாலதான் அந்த நாடகத்தின்ர ரி.ஆர்.பி. ஏறுது, அதாலதான் விருதும் கிடைக்குது." இல்லை. ரி.ஆர்.பி. என்பது எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லும் புள்ளி, அது உங்களால் ஒன்றுகூட ஏறாது. சென்னை அலைவரிசைகளின் பார்வையாளர் கணக்கை எடுப்பது பார்க் என்ற இந்திய அமைப்பு. இந்தியாவுக்குள் தெரிந்தெடுத்த ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் அது ஒரு சின்ன மானியைப் பொருத்தியிருக்கிறது. அலைவரிசையின் ஒலிக்குள் காதுக்குப் பிடிபடாத ஓர் அடையாளக் குறி கலந்திருக்கும். மானி அந்தக் குறியைக் கேட்டு, எந்த அலைவரிசை எத்தனை நிமிடம் ஓடியது என்று பதிந்துகொள்ளும். பார்த்தது ஆர் என்பதை வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்குரிய பொத்தானை அமத்திச் சொல்லவேண்டும். இந்த வீடுகளின் கணக்கைச் சனத்தொகைக்கு ஏற்பப் பெருக்கித்தான் கிழமைக்கொரு பட்டியல் வெளிவருகிறது. வல்வெட்டித்துறையில் பத்து வீடு பார்த்தாலென்ன, பத்தாயிரம் வீடு பார்த்தாலென்ன, மானி பாக்குநீரிணையைத் தாண்டி வரவில்லை.

இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி ஆயத்தமாக இருக்கும். "எங்கட டிஷ் பெட்டி இந்தியப் பெட்டிதானே, மாதாமாதம் காசும் கட்டுறமே?" கூரையில் இருக்கிற டிஷ் வாங்கும், கொடுக்காது. செய்மதியில் இருந்து வருகிற அலையை அதன் முனையில் இருக்கும் எல்.என்.பி. பிடித்து வயர் வழியாகப் பெட்டிக்குள் விடுகிறது. வந்த வழியால் ஒன்றும் திரும்பிப் போகாது. காசு கட்டிய பிறகு பெட்டியைக் கொஞ்ச நேரம் ஓனில் வைத்திருக்கச் சொல்வதும் இதனால்தான்: திறக்கிற கட்டளையும் அதே செய்மதி வழியாகத்தான் வருகிறது, பெட்டி விழித்திருந்தால்தான் அதைப் பிடிக்கும். நீங்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு எதைப் பார்த்தீர்கள் என்று அந்த டிஷ் ஒருநாளும் ஒருவருக்கும் சொன்னதில்லை. கேபிள் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் பதில். தயவுசெய்து இந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்காதீர்கள்.

(இந்தியாவிலும் அந்தக் கணக்கு வேதவாக்கில்லை. மானி பொருத்திய வீடுகளுக்குக் காசு கொடுத்துக் குறிப்பிட்ட அலைவரிசையை ஓடவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டில் 2020இல் மும்பைப் பொலிஸ் விசாரணையே நடந்தது.)

இனி அந்த வோட்டு இணைப்பு. அமத்தினால் இரண்டு மூன்று நடிகைகளின் படமும் "வோட்" என்ற பொத்தானும் வரும். பொத்தானை அமத்தினால் தொலைபேசி இலக்கம் கேட்கும். கொடுத்ததும் குறுஞ்செய்தியில் ஆறு இலக்கக் குறியீடு வரும், அதைப் பதியச் சொல்லும். அந்த ஆறு இலக்கம் வோட்டுக்கானது அல்ல, உங்கள் வட்ஸ்அப்பை இன்னொருவரின் போனில் திறக்கிற சாவி. இன்னொரு வகையும் இருக்கிறது: எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றைக் காட்டி, அதை உங்கள் வட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதிக்குள் போடச் சொல்லும். போட்டீர்களோ, உங்கள் கதை முழுக்க அவர்களின் கணினியிலும் ஓடும்.

இன்றைக்கே செய்யுங்கள். வட்ஸ்அப்பில் அமைப்புகள், கணக்கு, இரு படிச் சரிபார்ப்பு என்று போய் ஆறு இலக்கப் பின் (PIN) ஒன்றையும் மின்னஞ்சல் முகவரியையும் கொடுங்கள். பின்னுக்குப் பிறந்த ஆண்டைப் போடவேண்டாம். "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியில் தெரியாத கணினி ஏதும் இருந்தால் வெளியேற்றுங்கள். கணக்குப் போய்விட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே வட்ஸ்அப்பைத் திரும்ப நிறுவி, சொந்த இலக்கத்தைக் கொடுத்து, புதிதாக வருகிற குறியீட்டைப் போடுங்கள். மற்றவன் வெளியே தள்ளப்படுவான். அவன் அதற்குள் பின் வைத்துவிட்டிருந்தால் ஏழு நாள் காத்திருக்கவேண்டி வரும், ஆனாலும் அந்த நாட்களில் அவனால் உங்கள் பெயரில் எழுத முடியாது. வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு மட்டும் சாதாரண அழைப்பிலேயே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

சரி, அந்த விருதுகள்தான் என்ன? சன் குடும்பம் விருதுகள் 2010இல் தொடங்கியது. விஜய், ஜீ தமிழ் அலைவரிசைகளின் விருதுகள் பின்னால் வந்தன. பெயர் எதுவானாலும் ஏற்பாடு ஒன்றுதான்: அலைவரிசை தன் நாடகங்களுக்குத் தானே கொடுக்கிற விருது. கடைக்கார முதலாளி தைப்பொங்கலுக்குத் தன் பொடியன்களுக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பது மாதிரி. அதில் பிழையொன்றும் இல்லை, ஆனால் அந்த வேட்டியைக் காட்டி "ஊரிலேயே திறமான வேலைக்காரன்" என்று சொல்ல ஏலாது. போட்டி அலைவரிசையின் நாடகம் பட்டியலில் பெயருக்குக்கூட இராது. விழாவே ஒரு நிகழ்ச்சி. நடனம், பகிடி, கண்ணீர், விளம்பர இடைவேளை எல்லாவற்றையும் சேர்த்து வெட்டி ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிபரப்பி, விளம்பரத்தில் செலவை எடுத்துவிடுவார்கள். ஒரு நாடகக் குழுவுக்கும் ஒன்றும் இல்லாமல் போகாதபடி பிரிவுகளைக் கூட்டிக்கொண்டே போவதும் உண்டு. சிறந்த மாமியார், சிறந்த ஜோடி என்று பிரிவு வைத்தால் குறைவேது?

தமிழக அரசும் சின்னத்திரை விருது கொடுக்கிறது, தனி நடுவர் குழு வைத்து. ஆனால் 2009 முதல் 2013 வரையான ஆண்டுகளுக்குரிய விருதுகள் கைக்கு வந்தது 2022 செப்ரெம்பரில். 2009இல் பள்ளிக்கூடப் பிள்ளையாக நடித்தவர் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வரலாம். எங்கட நாட்டில் சுமதி விருது 1995இல் இருந்து இருக்கிறது, றைகம் விருது இருக்கிறது, அரச விருதும் இருக்கிறது. பெரும்பாலும் சிங்களத் தொலைநாடகங்களுக்குத்தான். றைகம் என்பது சோயாவும் உப்பும் விற்கிற கொம்பனியின் பெயர் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கொம்பனிக்கும் நாடகத்துக்கும் உள்ள அந்த உறவு புதிதல்ல. அமெரிக்காவில் பகல்நேரத் தொடர்களுக்குச் சோப் என்ற பெயர் ஒட்டியதே புறொக்டர் அன்ட் காம்பிள் போன்ற சவர்க்காரக் கொம்பனிகள் காசு போட்டதால்தான். கைடிங் லைட் என்ற தொடர் 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை ஓடியது. அங்கே பகல்நேர எம்மி விருது 1974இல் இருந்து நடக்கிறது. முறை எங்கட பக்கத்தைவிட ஒழுங்கானது: விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, தான் நடித்த காட்சிகளைத் தெரிந்து அனுப்பவேண்டும். அதே தொழிலில் இருப்பவர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். அப்படியிருந்தும் சூசன் லூச்சி என்ற நடிகை 18 தடவை பரிந்துரைக்கப்பட்டுத் தோற்று, 1999இல் 19ஆவது தடவைதான் வென்றார். 1998இல் அவருக்கு நடிப்புத் தெரியாமல் இருந்து அடுத்த வருடம் வந்ததா? இன்னொன்று: ஒருகாலத்தில் பத்துக்கு மேல் இருந்த பகல்நேரத் தொடர்கள் இன்று ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டன. ஓடுகிற எல்லாருமே பரிந்துரைப் பட்டியலில் வரக்கூடிய நிலையில், "பரிந்துரைக்கப்பட்ட நாடகம்" என்பதற்கு என்ன எடை? 2014இல் அந்த விழாவை எந்தத் தொலைக்காட்சியும் காட்டவில்லை, இணையத்தில் மட்டும்தான் ஓடியது.

நடிப்புக்கான விருது என்றால் எங்கட தொழிலில் இருப்பவர்கள் முதலில் கேட்பது "குரல் ஆருடையது?" என்றுதான். தமிழ் நாடகங்களில் கதாநாயகிகள் பலர் கர்நாடகத்தில் இருந்தும் கேரளத்தில் இருந்தும் வருகிறார்கள். கமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் ஒருவர் வசனத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பார், நடிகை வாயசைப்பார். நீங்கள் கேட்டு அழுத அந்த விம்மல், பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் இன்னொரு பெண் கொடுத்தது. "சிறந்த நடிகை"யில் பாதி அவளுடையது. விழாவில் பின்னணிக் குரலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா, அதை மேடையில் கொடுத்தார்களா, இல்லை பெயரை மட்டும் ஓடவிட்டார்களா என்று பாருங்கள். அந்த விழா தொழிலை எவ்வளவு மதிக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நாடகம் தரமானதா என்று பார்க்க விருது தேவையில்லை, போனில் இருக்கிற ஸ்ரொப்வொச் போதும். இந்திய விதிப்படி மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போகக்கூடாது. அப்படியானால் அரைமணி நாடகத்தில் விளம்பரம் போகக் குறைந்தது 24 நிமிடம் மிஞ்சவேண்டும். ஒரு தாளை எடுத்து, நேற்றைய கதை, தொடக்கப் பாட்டு, இடைவேளைக்குப் பிறகு திரும்பக் காட்டுகிற துண்டு, நாளைய முன்னோட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் போன செக்கனைக் குறியுங்கள். மிச்சம்தான் இன்றைய கதை. அதற்குள் முகச்சுற்றையும் கழியுங்கள்: மாமியார் ஒரு வசனம் சொல்வார், பின்னால் "டும்" என்று ஒரு சத்தம், பிறகு ஆறு பேரின் முகம், ஒவ்வொன்றும் இரண்டு செக்கன், மூன்று சுற்று. 36 செக்கன் போச்சு. பிறகு கடைசியாக ஒன்றை எண்ணுங்கள்: இந்த அத்தியாயத்தில் ஒரு பாத்திரம் புதிதாக ஒன்றை அறிந்தது அல்லது தீர்மானித்தது எத்தனை தடவை? ஒன்றுகூட இல்லாத நாட்கள் வரும். தொடர்ந்து ஐந்து நாள் அப்படி என்றால் அந்த நாடகத்தில் எழுத்து முடிந்துபோய்விட்டது, ஒப்பந்தம் மட்டும் ஓடுகிறது.

அந்த முகச்சுற்று எங்கிருந்து வருகிறது என்றால், நாளுக்கொரு அத்தியாயம் போகவேண்டும், எடுத்த காட்சியோ போதாது. எடிற்றர் என்ன செய்வார்? நாலு செக்கன் காட்சியைப் பாதி வேகத்தில் விட்டால் எட்டு செக்கன். காலையோ இரவோ என்று தெரியாத அந்த வெளிறின வெளிச்சமும் இதே அவசரத்தால்தான். இரண்டு மூன்று கமரா ஒரே நேரத்தில் எடுக்கும்போது எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் நிழல் விழக்கூடாது, அதனால் எல்லா மூலைக்கும் ஒரே அளவு வெளிச்சம் போட்டுவிடுவார்கள்.

ஆனால் எல்லா மெதுவும் சோம்பல் அல்ல, இதையும் சொல்லத்தான் வேண்டும். பகல் நாடகம் அரிசி கழுவிக்கொண்டு, தேங்காய் துருவிக்கொண்டு கேட்கிறவர்களுக்காக எழுதப்படுவது. பாத்திரங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், நடந்ததை இன்னொருவருக்குத் திரும்பச் சொல்வதும் குசினிக்குள் போய் வந்தவருக்குக் கதை விடுபடாமல் இருக்கத்தான். வானொலிக் காலத்துக் கைவேலை அது. நல்ல எழுத்தாளர் திரும்பச் சொல்லும்போது சொல்கிறவரின் மனதையும் சேர்த்துக் காட்டிவிடுவார், கெட்டவர் அப்படியே ஒப்புவிப்பார். ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் விளங்கும்.

பகல் நேரத்தில் நாடகத்தைவிட மோசமானது நாடகத்துக்கு இடையில் வருகிற "மருத்துவ நிகழ்ச்சி". அது பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கிய நேரம். தொலைபேசி இலக்கம் திரையை விட்டு அகலாது, எல்லா வருத்தத்துக்கும் ஒரே போத்தல், எடுக்கிற நேயர் எல்லாருக்கும் சுகம், மூலையில் "கருத்துக்கு நிலையம் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்து. அதில் பேசுகிறவர் "சிறந்த சேவைக்கான விருது" வாங்கியவராகவும் இருப்பார். தயவுசெய்து, அதைப் பார்த்துவிட்டுப் பிறஷர் குளிசையையோ சீனி வருத்தக் குளிசையையோ நிறுத்தாதீர்கள். இலங்கையில் வைத்தியர் என்றால் மருத்துவ சபையிலோ ஆயுர்வேத மருத்துவ சபையிலோ பதிவிருக்கவேண்டும், இங்கிலீசு மருந்து என்றால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில். பதிவைக் கேளுங்கள். காசு கொடுத்து ஏமாந்திருந்தால் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு பாவனையாளர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள்.

எங்கட கலைஞர்களுக்கும் ஒரு சொல். குறும்படம் எடுக்கிற பொடியள், அறிவிப்புச் செய்கிற பிள்ளைகள், உங்களுக்குத்தான். நீங்கள் அனுப்பாத வேலைக்குப் பரிந்துரை வந்தால் சந்தேகப்படுங்கள். முறையான போட்டி என்றால் விண்ணப்பப் படிவம், முடிவுத் திகதி, முழு அத்தியாயத்தை அனுப்பச் சொல்லும் நிபந்தனை, நடுவர்களின் பெயர் எல்லாம் முன்கூட்டியே வெளியில் இருக்கும். தகுதியான வேலை வராத பிரிவுக்கு விருதே கொடுக்காமல் விடுவார்கள். விண்ணப்பக் கட்டணம் கேட்பது குற்றமில்லை. வென்ற பிறகு கேடயத்துக்கு இவ்வளவு, மேடைப் படத்துக்கு இவ்வளவு, கூட வருகிறவருக்குச் சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று கேட்டால் அது வியாபாரம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல மைக் வாங்குங்கள். யாழ்ப்பாணத்தில் எடுக்கிற வேலைகளில் முதலில் விழுகிறது ஒலிதான், கமராவில் இருக்கிற மைக்கில் பதிந்த வசனத்தை எந்த எடிற்றராலும் காப்பாற்ற ஏலாது.

வோட்டுப் போட ஆசை இருப்பவர்கள் அந்த நேரத்தில் எங்கட அலைவரிசைகளுக்கு எழுதுங்கள். நேத்ரா, வசந்தம், சக்தி மூன்றிலும் எழுதினால் வாசிக்க ஆள் இருக்கிறது. நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பான திகதியும் நேரமும், எந்த இடம் ஏன் பிடித்தது அல்லது பிடிக்கவில்லை, இவ்வளவும் போதும். "சூப்பர்" என்று மட்டும் எழுதினால் அடுத்த தொடரில் எதை வைத்திருப்பது, எதை வெட்டுவது என்று எங்களுக்குத் தெரியாது.