எத்தனை சிசி என்று கேட்கும் முன், யார் ஓட்டப் போகிறார் என்று கேளுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பத்து நாள் ஆனால் போதும், மாதவரத்தில் என் பட்டறை வாசலில் பிரஷ் கட்டர்கள், அதாவது தோளில் மாட்டிப் புல் வெட்டுகிற பெட்ரோல் மெஷின்கள், வந்து குவிந்துவிடும். மணலி, செங்குன்றம், எண்ணூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். புல் இடுப்பளவு நிற்கிறது, மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. எல்லோரும் சொல்வது இதுதான்.

போன சீசனில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் 52 சிசி, 2 ஸ்ட்ரோக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார், வாங்கி மூன்றே வாரம். ஸ்டார்ட்டர் கயிறு அசையவே இல்லை. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினேன், பிஸ்டன் முழுக்க மேலிருந்து கீழாக ஆணியால் கீறியது மாதிரி கோடுகள். "ஆயில் கலந்தீங்களா சார்?" என்றேன். அவர் வாட்ச்மேனைப் பார்த்தார், வாட்ச்மேன் தரையைப் பார்த்தார்.

2 ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலுக்குத் தனி இடம் கிடையாது, பெட்ரோலில் கலக்கிற 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கு உயிர். பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் 25:1 என்று மெஷினோடு வரும் புத்தகத்தில் போட்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் சீக்கிரமே பிஸ்டன் இறுகி சீஸ் ஆகிவிடும். ஆளுக்கு ஆள் கை மாறுகிற இடமாக இருந்தால் விலை கூடினாலும் 4 ஸ்ட்ரோக் வாங்கிவிடுங்கள். அதில் ஆயில் தனி, பெட்ரோல் தனி. 35 சிசி மெஷினுக்குச் சுமார் 100 மில்லி ஆயில்தான் பிடிக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து லெவல் பார்த்தே ஆக வேண்டும், அது வேறு விஷயம்.

சிசி கூடினால் நல்லது என்பது கடைக்காரர் பேச்சு. அருகம்புல், பார்த்தீனியம் வெட்ட 25 முதல் 35 சிசியும் நைலான் கயிறும் தாராளம். காலி மனையில் சீமைக்கருவேலக் கன்று கிளம்பியிருந்தால்தான் 40 சிசிக்கு மேல், நேரான தண்டு (இன்ஜினையும் வெட்டும் தலையையும் இணைக்கிற நீளக் குழாய்), இரும்பு பிளேடு எல்லாம். வளைந்த தண்டு மாடலில் பிளேடு மாட்டவே கூடாது. பெரிய மெஷின் 8 கிலோ வரை வரும், அறுபது வயது மனிதரின் தோளில் அதை மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் வெட்டச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம் கார்டு. கீழே பிளாஸ்டிக்கில் ஒரு மறைப்பு இருக்குமே, புல் அடைக்கிறது என்று முதல் வேலையாக அதைத்தான் கழற்றி வீசுகிறார்கள். அதன் ஓரத்தில் சின்னக் கத்தி ஒன்று இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நைலான் கயிறு அளவுக்கு மேல் நீண்டால் நறுக்குவது அதுதான். கார்டு இல்லையென்றால் கயிறு நீண்டுகொண்டே போகும், இன்ஜின் திணறும், கடைசியில் கிளட்ச் கருகும். மெஷின் போனால் போகட்டும், நம் ஊர் மனைகளில் புல்லுக்குள் என்ன கிடக்கிறது? ஜல்லி, ஓட்டுச் சில்லு, உடைந்த பீர் பாட்டில். கார்டு இல்லாமல் "ஒரு நிமிஷம் ட்ரையல்" பார்க்கப் போய் என் முழங்காலுக்குக் கீழே நானே வாங்கிக்கொண்ட தழும்பு இன்னும் இருக்கிறது, இத்தனைக்கும் நான் மெக்கானிக். கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது, கண்ணை முழுதாக மூடுகிற சேஃப்டி கண்ணாடி வேண்டும். ஓட்டும்போது 15 மீட்டருக்குள் குழந்தையோ நாயோ வரக் கூடாது.

வெட்டி முடித்து அடுத்த மழை வரை மூலையில் வைப்பவர்கள் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக அணைகிற வரை ஓடவிடுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கிற டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப்போகும். எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்கள் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் இரும்புப் பாகங்களில் எண்ணெய் தடவி வையுங்கள், உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது.

ரெண்டு சென்ட் மனைக்கு, வருஷத்துக்கு ரெண்டு தடவை என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு ஆளோடு எடுங்கள், எனக்கு வியாபாரம் போனாலும் சரி. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், மண்ணடியோ பிராட்வேயோ, ஓட்டப் போகிறவரையும் கூட்டிப்போய் பெல்ட்டை அவர் தோளில் மாட்டிப் பாருங்கள். கார்புரேட்டரும் ஸ்டார்ட்டர் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்குமா என்று அங்கேயே கேளுங்கள்.

அந்தச் செயலாளர் இரண்டாவது முறை வாட்ச்மேனோடுதான் கடைக்குப் போனார். 35 சிசி, 4 ஸ்ட்ரோக். மூடியைத் திறந்து ஆயில் பார்ப்பது எப்படி என்று வாட்ச்மேன்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாராம்.