டர்போ லேக்: பின்னடைவா, சுணக்கமா?

கார் விமர்சனக் காணொளி ஒன்றில் குரல் கொடுத்தவர் நல்ல உச்சரிப்போடு சொன்னார்: "இந்த வண்டியில் டர்போ பின்னடைவு மிகவும் குறைவு." ஆங்கிலத்தில் 'டர்போ லேக்' என்பதைத்தான் அப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். இதே சொல்லை இதற்கு முன்பு இரண்டு முறை கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருக்கிறேன். மூன்றாவது முறை முடியவில்லை. பின்னடைவு கட்சிக்கு வரும், வழக்குக்கு வரும், தேறி வருகிற நோயாளிக்கு வரும். டர்போவுக்கு எப்படி வரும்?

மூலச் சொல்லை முதலில் முடித்துவிடலாம். 'லேக்' ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்குகிறது. ஸ்காண்டிநேவியப் பக்கத்துச் சொல்லாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் ஊகம். கூட்டத்தில் கடைசி ஆளாக மெல்ல வருவதுதான் பழைய பொருள். 'டர்போ' லத்தீன், சுழற்காற்றும் அதுதான், பம்பரமும் அதுதான். புகையாக வீணாகும் விசையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்ற வைத்து, அதே தண்டின் மறுமுனைச் சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கலாம் என்று 1905-இல் காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூச்சி. அந்த ஏற்பாடுதான் டர்போ. கடையில் வாங்கும் காருக்கு அது வந்தது 1962-இல், அமெரிக்காவில். வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது பொருள். ஆக்சிலரேட்டரை மிதித்த நொடியில் டர்போ தன் முழு அழுத்தத்தைத் தந்துவிடாது. கூடுதல் புகை வர வேண்டும், அது சக்கரத்தை முடுக்க வேண்டும், அதன்பிறகுதான் காற்று அழுத்தம் ஏறும். சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகிற சாமான். அந்த வேகத்தை எட்டச் சற்று நேரம் பிடிக்கும். மிதித்ததற்கும் வண்டி பாய்வதற்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிதான் லேக். ஒரு பட்டறையில் மெக்கானிக் இதை இரண்டே சொல்லில் சொன்னார்: "வண்டி யோசிக்குது சார்." கலைச்சொல் ஆகாது, ஆனால் காணொளிக்காரரைவிட இவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

பின்னடைவுக்கு வருகிறேன். முன்னேறிக்கொண்டிருந்த ஒன்று சறுக்கிப் பின்னால் வந்தால் பின்னடைவு. டர்போ எங்கே முன்னால் போயிருந்தது, சறுக்குவதற்கு? வாக்கு எண்ணும் நாளில் தொலைக்காட்சித் திரையில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் 'முன்னிலை' என்றும் இன்னொருவர் பக்கத்தில் 'பின்னடைவு' என்றும் ஓடுகிறதே, அங்கே அந்தச் சொல்லுக்கு ஓர் எதிராளி இருக்கிறார். டர்போ யாரோடு போட்டி போடுகிறது? இன்னொரு சோதனையும் உண்டு: பெயர்ச்சொல்லை வினையாக்கிப் பார்ப்பது. "டர்போ பின்னடைகிறது" என்று சொல்லிப் பாருங்கள். ஏதோ கழன்று பின்னால் போவதுபோல இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், டர்போவில் உண்மையிலேயே பின்னால் போகும் ஒன்று உண்டு. வேகமாகப் போகும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், அமுக்கிய காற்றுக்கு உள்ளே போக வழியில்லாமல் சக்கரத்தின் ஊடாகவே திரும்பி வரப் பார்க்கும். புறா சிறகடிப்பதுபோலப் படபடவென்று சத்தம் கேட்கும். இளைஞர்கள் அந்தச் சத்தத்துக்காகவே காசு செலவழிக்கிறார்கள். அதற்குப் பெயர் சர்ஜ். பின்னடைவு என்ற சொல்லை டர்போவில் எங்காவது வைத்தே தீர வேண்டும் என்றால் அங்கே வைக்கலாம். நம் ஆட்கள் அதற்கு 'எழுச்சி' என்று போடுவார்கள், அது வேறு கதை.

மற்ற வேட்பாளர்களையும் பார்த்துவிடலாம். 'தாமதம்' தவறில்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது. தாமதம் என்றால் குறித்த நேரம் என்று ஒன்று இருக்க வேண்டும். பேருந்து தாமதம், சம்பளம் தாமதம். வடமொழி வேர் என்பதால் அதைத் தள்ளச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. பொருள் தெளிவாக இருந்தால் எந்த வேராக இருந்தாலும் எனக்குச் சம்மதம். 'தயக்கம்' நன்றாகத்தான் இருக்கிறது, மெக்கானிக்கின் 'யோசிக்குது'வுக்கும் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் நம் இயற்பியல் பாடநூல்கள் 'காந்தத் தயக்கம்' என்று அதை ஏற்கெனவே வேறு வேலையில் அமர்த்திவிட்டன. 'பின்தங்கல்' மாறுதிசை மின்னோட்டப் பாடத்தில் இருக்கிறது, அங்கே பொருத்தமாகவும் இருக்கிறது. கம்பிச்சுருள் உள்ள சுற்றில் மின்னழுத்தம் முன்னால் போக, மின்னோட்டம் பின்தங்கும். அங்கே இரண்டு பேர் ஓடுகிறார்கள்.

என் ஓட்டு 'சுணக்கத்துக்கு'. "பாலப் பணியில் சுணக்கம்" என்று நாளிதழில் படிக்கும்போது நமக்கு என்ன புரிகிறது? வேலை நிற்கவில்லை, கைவிடப்படவில்லை, நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் வேண்டிய வேகத்தில் வரவில்லை. டர்போவில் நடப்பது அட்சரம் பிசகாமல் அதுதான். வினையாகவும் வளைந்து கொடுக்கிறது: சுணங்குகிறது, சுணங்கியது, சுணங்காத டர்போ. சங்கப் பாட்டில் தலைவியின் மேனியில் படரும் தேமலுக்கும் 'சுணங்கு' என்றுதானே பெயர் என்று தமிழாசிரியர் யாராவது கேட்பார். ஆமாம் ஐயா. கார்ப் பட்டறையில் குழப்பம் வராது.

சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்றால், வேண்டும். இரண்டு வேறு விஷயங்களை ஒரே 'லேக்' பைக்குள் போட்டுவிடுகிறோம். என்னிடம் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, ஒரு வளைவில் இரண்டாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கு இறங்கிவிட்டது. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வண்டி முனகுகிறது. பின்னால் சரக்கு வேன்காரர் ஹாரன். நானும் "லேக், லேக்" என்று திட்டினேன். அது லேக் இல்லை. அந்தச் சுற்றில் டர்போவைத் திருப்பப் போதுமான புகையே வராது; எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் எஞ்சின் சுற்று ஏறாமல் அழுத்தம் ஏறாது. அதை 'மந்தம்' என்று சொல்லலாம், மந்தம் விடும் சுற்றை 'பிடி சுற்று' என்று சொல்லலாம். முதல் கியருக்கு வந்தேன், வண்டி ஏறியது. அதே காரில் சமவெளியில் 2,500 சுற்றில் ஓடும்போது லாரியை முந்த மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பாயும். சுணக்கம் என்றால் அது. மந்தத்துக்குக் கியர் மருந்து. சுணக்கத்துக்குக் கியர் பெரிதாக உதவாது.

இந்த வித்தியாசம் தெரியாமல் டர்போ அளவு தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். 1993-இல் வந்த டொயோட்டா சுப்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 3 லிட்டர் எஞ்சின், வரிசையாக வேலை செய்யும் இரண்டு சிறு டர்போக்கள்: கீழ்ச் சுற்றுகளில் ஒன்று மட்டும், சுமார் 4,000-க்கு மேல் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். தொழிற்சாலை இத்தனை குழாய், வால்வு வைத்துப் பாடுபட்டது மந்தத்தைக் குறைக்கத்தான். வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக இரண்டையும் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை மாட்டினார்கள்.

கணக்கு அப்படியொன்றும் கடினமில்லை. பெட்ரோல் எஞ்சினில் 400 குதிரைத்திறன் வேண்டும் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 18 கிலோ காற்று உள்ளே போக வேண்டும். அந்த 3 லிட்டர் எஞ்சின் 6,000 சுற்றில் தானாக இழுப்பது ஏறக்குறைய 10 கிலோ. மீதி 8 கிலோவைத் திணிப்பதுதான் டர்போவின் வேலை. அந்த வேலைக்கு ஏற்ற சக்கரத்தை வாங்காமல், நாளைக்கு 700 வேண்டும் என்று தோன்றினால் என்ன செய்வது என்று, வளர்கிற பிள்ளைக்குச் சட்டை எடுப்பதுபோல இரண்டு அளவு பெரிதாக எடுக்கிறார்கள். சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. அதே வடிவில் விட்டத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் முடுக்க வேண்டிய சுமை அறுபது விழுக்காடு கூடும். சுணக்கம் அங்கே பிறக்கிறது. புகைப்பக்கக் கூட்டின் ஏ/ஆர் எண்ணை, அதாவது புகை போகும் வழி எவ்வளவு அகலம் என்று காட்டும் எண்ணை, 0.63-இலிருந்து 0.82-க்கு மாற்றினால் மேல்சுற்றில் மூச்சு தாராளமாக விடும், பிடி சுற்று மேலே தள்ளிப்போகும். இது மந்தத்தின் கணக்கு. தண்டைச் சிறு குண்டுகள் தாங்கிச் சுழலவிடும் பால் பேரிங் போட்டால் சுணக்கம் குறையும், பிடி சுற்று பெரிதாக இறங்காது. தினமும் சிக்னலில் 1,500-க்கும் 3,000-க்கும் நடுவே ஓட்டுகிறவர் எதைப் பற்றிப் புலம்புகிறார் என்று தெரியாமல் எதை மாற்றுவது? 'பின்னடைவு' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் போனால் அவர் தன்னிடம் இருப்பு உள்ளதை விற்பார்.

மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குக் கோபம் இங்கேதான். அகராதியைத் திறக்கிறார்கள், பானட்டைத் திறப்பதில்லை. ஒரு கையேட்டில் டர்போசார்ஜர் 'டர்போ மின்னேற்றி' ஆகியிருந்தது. சார்ஜர் என்றால் போன் சார்ஜர்தானே! சிலிண்டருக்குள் போகும் காற்றும் எரிபொருளும் சேர்ந்த சரக்குக்குத்தான் எஞ்சின்காரர்கள் சார்ஜ் என்கிறார்கள், மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கு 'டர்போ' என்றே விட்டிருந்தால் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். ரேலி பந்தயக் கார்களில் புகைக்குழாயில் எரிபொருளை எரித்து டர்போவைச் சுற்றிக்கொண்டே இருக்க வைக்கும் ஏற்பாட்டுக்கு அதே கையேடு வைத்த பெயர் 'பின்னடைவு எதிர்ப்பு அமைப்பு'. துண்டறிக்கை கொடுத்து உறுப்பினர் சேர்ப்பார்கள் போலிருக்கிறது.

இந்த வழக்கை யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் போனில் முழுதாக விளக்கினேன். பின்னடைவு, தாமதம், தயக்கம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். சண்டை எதற்கென்றே அவருக்கு விளங்கவில்லை. "சுணங்கித்தானே வருது, பிறகு வேற என்னெண்டு சொல்லுறது?" என்றார்.