பிறந்த அன்றைய பிறை உங்களைப் பற்றி என்ன சொல்லும்?

அமாவாசையன்று உங்கள் விருப்பங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பௌர்ணமியன்று வேண்டாதவற்றை எழுதிக் கிழித்துப் போடுங்கள். நீங்கள் பிறந்தபோது நிலா எந்தப் பிறையில் இருந்தது என்று பாருங்கள், உங்கள் அசல் முகம் அங்கேதான் இருக்கிறது. ரீல்ஸிலும் யூடியூபிலும் இந்த மூன்று அறிவுரைகளும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. இவற்றில் மூன்றாவது வெறும் கதை. முதல் இரண்டில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, ஆனால் அந்த விஷயம் இருக்கும் இடம் நிலா இல்லை.

முதலில் பிறை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நிலாவின் ஒரு பாதி எப்போதும் வெயிலில்தான் இருக்கிறது, அமாவாசையன்றும் கூட. அந்த வெயில் பட்ட பாதியில் நமக்கு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் பிறை. பூமியின் நிழல் விழுந்துதான் நிலா தேய்கிறது என்று நன்றாகப் படித்தவர்களே சொல்வதுண்டு. நிழல் விழுந்தால் அது கிரகணம். நிலா சுற்றும் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் அது நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவிப் போய்விடுகிறது.

ஆக, பிறை என்பது ஒரு கோணம். வானத்தில் சூரியனிலிருந்து நிலா எத்தனை டிகிரி விலகியிருக்கிறது? 0 என்றால் அமாவாசை, 90 என்றால் அரை நிலா, 180 என்றால் பௌர்ணமி. ஒரு சுற்று முடியச் சராசரியாக 29.53 நாள். நம் பஞ்சாங்கத்தின் திதியும் இதே கோணத்தின் அளவுதான்: 12 டிகிரிக்கு ஒரு திதி, மொத்தம் 30. வளர்பிறை அஷ்டமி 84 டிகிரியில் தொடங்கி 96-இல் முடிகிறது. சரியான அரை நிலா அதன் நட்டநடுவில் வருகிறது. நிலா எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதால் ஒரு திதி 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரமும் இழுக்கலாம். தினசரி காலண்டரில் திதி மாறும் நேரம் நாளுக்கு நாள் கோணல்மாணலாக இருப்பது இதனால்தான்.

இந்தக் கோணத்தை மனித சுபாவத்தோடு முடிச்சுப் போட்டதில் முக்கியமானவர் டேன் ருத்யார். பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இசையமைப்பாளர், சோதிடர். ருத்யார் என்ற பெயரே ருத்ரனை மனதில் வைத்து அவராகச் சூட்டிக்கொண்டதுதான். 20-ஆம் நூற்றாண்டில் அவர் அந்த 360 டிகிரியை எட்டாகப் பிரித்து, 45 டிகிரிக்கு ஒரு மனித வகை என்று வைத்தார். அமாவாசைக்காரர் மனம் போன போக்கில் பாய்பவர், பௌர்ணமிக்காரர் உறவுகளின் வழியே தன்னைத் தெளிவாகக் காண்பவர் என்கிற ரீதியில் போகும். இன்று இணையத்தில் சுற்றும் பிறைக் குணங்களில் பெரும்பாலானவை இந்த எட்டின் வாரிசுகள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிறை என்பது உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஒன்றேதான். சென்னைக்கு ஒன்று, சிகாகோவுக்கு ஒன்று கிடையாது. எட்டில் ஒரு வகை சுமார் 3.7 நாள் நீடிக்கும். நாளொன்றுக்கு மூன்றரை லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் பிறக்கிற உலகத்தில், அந்த இடைவெளிக்குள் பிறக்கும் பன்னிரண்டு லட்சத்துக்கும் அதிகமான பேருக்கு ஒரே அசல் முகம். எண்ணூறு கோடிப் பேரை எட்டால் வகுத்தால் உங்கள் வகையில் மட்டும் நூறு கோடிப் பேர்!

அப்படியிருந்தும் அந்த வர்ணனையைப் படித்தவுடன் "அட, இது நான்தான்" என்று ஏன் தோன்றுகிறது? 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவரிடமும், உனக்கென்றே எழுதியது என்று சொல்லி ஒரு வர்ணனையைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே வர்ணனை, கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. மற்றவர்கள் தன்னை மெச்ச வேண்டும் என்ற ஆசை, தன்னைத் தானே குறை சொல்லிக்கொள்ளும் பழக்கம், இன்னும் வெளிவராத திறமை, வெளியே அடக்கம் உள்ளே கலக்கம். இதில் எது யாருக்குப் பொருந்தாது?

இன்னொரு கோணமும் இதில் இருக்கிறது. நினா ஸ்ட்ரோமிங்கர், ஜோஷுவா நோப், ஜார்ஜ் நியூமன் ஆகிய ஆய்வாளர்கள், "உண்மையான நான்" என்று மக்கள் எதைச் சொல்கிறார்கள் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருவரிடம் இருக்கும் நல்ல குணங்களை அவருடைய அசல் என்றும், கெட்டதை வழியில் ஒட்டிய அழுக்கு என்றும் எடுத்துக்கொள்ளவே நாம் சாய்கிறோம். பிறை வர்ணனைகள் சரியாக அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. தேய்பிறையில் பிறந்தவர் பிறவிக் கஞ்சர் என்று எந்த ரீலும் சொல்லி நான் பார்த்ததில்லை. "ஞானத்தைத் தன்னுள் சேர்த்து வைப்பவர்" என்றுதான் சொல்லும்.

நம் ஊர் சந்திராஷ்டமம் வேறு ரகம். அதற்குப் பிறையோடு சம்பந்தமே இல்லை. நிலா ஒரு முழுச் சுற்றில் 12 ராசிகளையும் கடக்க 27.3 நாள் ஆகிறது; உங்கள் ராசிக்கு எட்டாவது ராசியில் அது நிற்கும் இரண்டேகால் நாள்தான் சந்திராஷ்டமம். அன்றைக்குச் சண்டை வந்தால் காலண்டரைப் பார்த்துத் தலையாட்டுகிறோம். மற்ற 25 நாளில் வந்த சண்டைகளுக்கு யாரும் காலண்டரைப் புரட்டுவதில்லை.

சரி, சுபாவத்தை விடுங்கள், நிலா உடம்பை அசைக்கிறதா? "கடலையே இழுக்கும் நிலா, 60 சதவீதம் தண்ணீராக இருக்கும் நம்மை இழுக்காதா" என்பது பிரபலமான வாதம். கடல் ஏறி இறங்குவது தண்ணீர் என்பதால் அல்ல, கடல் பெரிது என்பதால். பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் உள்ள 12,700 கிலோமீட்டர் தூரத்தில் நிலாவின் இழுவிசை கொஞ்சம் வேறுபடுகிறது. அந்த வேறுபாடுதான் ஓதமாகிறது, அதாவது கடலின் ஏற்ற இறக்கமாகிறது. உங்கள் உச்சந்தலைக்கும் உள்ளங்காலுக்கும் இடையே அதே வேறுபாடு புவியீர்ப்பில் லட்சம் கோடியில் ஒரு பங்கு கூட வராது. இதைவிட எனக்குப் பிடித்த மறுப்பு மீனவர்கள் அறிந்தது: அமாவாசை, பௌர்ணமி இரண்டு நாளுமே கடல் ஒரே மாதிரி பொங்கும். ஓதம்தான் மனதை ஆட்டுகிறது என்றால் அந்த இரண்டு நாளும் மனம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அறிவுரையோ ஒன்றில் விதை, மற்றதில் விடு என்று எதிரெதிராகச் சொல்கிறது.

ஈர்ப்பு போனால் மிஞ்சுவது வெளிச்சம். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அரை நிலா முழு நிலாவின் பாதி வெளிச்சம் தராது. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குதான் தரும். பக்கவாட்டு வெயிலில் நிலாவின் கல்லும் குழியும் நீள நீளமாக நிழல் போடுகின்றன. பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து நிலா மேல் அடிப்பதால் அந்த நிழல்கள் மறைந்து, நிலாவின் தூசி வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. அதனால் பௌர்ணமியை ஒட்டிய சில இரவுகள் மற்ற இரவுகளிலிருந்து மிகவும் தனித்துத் தெரியும். கடல் உயிரினங்கள் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் கோடைத் தொடக்கத்தில், பௌர்ணமி கழிந்த சில இரவுகளுக்குள் பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் வெளியிடுகின்றன.

மனிதர்களிடம்? 2013-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள், வேறு காரணத்துக்காக எப்போதோ பதிவுசெய்த 33 பேரின் தூக்கத் தரவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். ஒரு பௌர்ணமி இரவில் மதுக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது தோன்றிய யோசனை அது என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். பௌர்ணமியை ஒட்டி அந்த 33 பேரும் சராசரியாக 20 நிமிடம் குறைவாகத் தூங்கியிருந்தார்கள், அதுவும் நிலா தெரியாத அறைக்குள். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் 470 பேரின் தரவுகளில் தேடியபோது அப்படி எதுவும் அகப்படவில்லை. 2021-இல் அர்ஜென்டினாவின் டோபா பழங்குடி மக்களிடம் கைக்கடிகாரம் போன்ற கருவி கட்டி அளந்ததில், பௌர்ணமிக்கு முந்தைய சில இரவுகளில் அவர்கள் தாமதமாகப் படுத்து, குறைவாகத் தூங்கியது தெரிந்தது. ஏன் முந்தைய இரவுகள்? வளர்பிறை நிலா சாயங்காலமே வானத்தில் இருக்கும். பொழுது சாய்ந்த பிறகும் வெளியே வேலை நடக்கும். பௌர்ணமி தாண்டினால் நிலா நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும், அதற்குள் ஊர் தூங்கிவிடும். மின்சாரம் இல்லாத கிராமத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அதே ஆய்வில் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கல்லூரி மாணவர்களிடமும் அதே போக்கு தெரிந்ததற்கு இந்த விளக்கம் மட்டும் போதாது. பழக்கமும் குறுக்கே வரும் என்பதை வேறு மறக்கக்கூடாது: பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போனவர் தூங்காததற்கு நிலாவொளியைக் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது விருப்பங்களை எழுதி வைக்கச் சொன்ன அந்தத் தாளுக்கு வரலாம். ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற ஆய்வாளர்கள் 2014-இல் காட்டியது இது: வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கத்தில் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதும் புதுத் தீர்மானம் எடுப்பதும் கூடுகின்றன. புதிய தொடக்கம் என்று ஒரு கோடு கிழித்தால், பழைய சொதப்பல்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனதாக மனம் எடுத்துக்கொள்கிறது. அமாவாசையும் அப்படி ஒரு கோடு, அவ்வளவுதான்; ஆடி ஒன்றாம் தேதியாக இருந்தாலும் வேலை செய்யும். எழுதுவதற்கும் தனிப் பலன் உண்டு. 1980-களில் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனதைப் பாதித்த அனுபவங்களை நாளுக்கு 15 நிமிடம் என நான்கு நாள் எழுதச் சொன்ன மாணவர்கள், சாதாரண விஷயங்களை எழுதிய மாணவர்களைவிட அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகவே போனார்கள். தன்னைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எழுத உட்காரச் சொல்லும் மணியாக நிலா இருந்துவிட்டுப் போகட்டும், செலவில்லாத மணி.

பிறை உங்களைத் தனியாக ஆட்டுகிறதா என்ற சந்தேகம் இன்னும் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். தினமும் படுக்கும் முன் அன்றைய மனநிலைக்கு 1 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள், தேதியோடு. நான்கைந்து மாதமாவது வேண்டும். ஒரு பௌர்ணமியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. திதி போட்ட காலண்டரை மட்டும் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் பௌர்ணமி என்று தெரிந்தே எண் போடுவீர்கள். கடைசியில் தேதிகளுக்கு நேரே திதியை எழுதி, வளர்பிறைச் சராசரியையும் தேய்பிறைச் சராசரியையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். அப்புறம் அதே எண்களை ஞாயிறு, திங்கள் என்று கிழமைவாரியாகவும் ஒரு முறை அடுக்கிப் பாருங்கள். நிலாவைவிடத் திங்கட்கிழமைக்குத்தான் அதிக சக்தி என்று தெரியவந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.